பாட நோக்கமும் பரீட்சை வினாவும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே செல்லும் கலகா வீதியில், பரீட்சைக் காலத்தில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். மரநிழலிலும் விடுதி விறாந்தைகளிலும் கூடியிருக்கும் மாணாக்கரின் கைகளிலே பாடநூல்களைவிடக் கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் வினாத்தாள்களே மிகுதியாக இருக்கும். எந்த வினா எத்தனை முறை வந்தது, எது இம்முறை வரக்கூடும், எதனைப் படியாது விட்டாலும் பாதகமில்லை என்பனவற்றை அவர்கள் கூர்ந்து ஆராய்வர். தவணையின் தொடக்கத்தில் விரிவுரையாளர் அளித்த பாடத்திட்டத்தாள் ஒன்று உண்டு. ‘இப்பாடத்தைக் கற்று முடித்தபின் மாணவர் பின்வருவனவற்றைச் செய்ய வல்லவராவர்’ என்று அது தொடங்கும். அந்தத் தாளை அவ்வேளையில் எவர் கையிலும் காண்பது அரிது.

இதற்காக மாணாக்கரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் அது நீதியன்று. பாடத்திட்டத்தாள் ஆசிரியரின் விருப்பத்தைக் கூறுகின்றது. வினாத்தாளோ அவர் எதற்குப் புள்ளி வழங்குவார் என்பதைக் கூறுகின்றது. இரண்டும் மாறுபடுமிடத்து மாணவர் இரண்டாவதையே நம்புவர். அவ்வாறு நம்புவது விவேகமுடைய செயலேயாம். ‘ஆராய்ந்து முடிவு காணும் ஆற்றலை வளர்த்தல்’ என்று நோக்கத்தில் எழுதிவிட்டு, ‘ஐந்து காரணங்களைத் தருக’ என்று வினாவில் எழுதினால், ஐந்து காரணங்களை மனனஞ்செய்வதே அந்தப் பாடமாகிவிடுகின்றது. இடையில் நிகழ்ந்த விரிவுரைகள் எத்துணைச் சிறந்தனவாயினும் இந்நிலை மாறுவதில்லை.

கற்பதனால் மாணவர் எய்த வேண்டிய ஆற்றலை இன்று கல்வியாளர் ‘கற்றற்பேறு’ என்று அழைக்கின்றனர். அந்தப் பேற்றையும், அதனை அளக்கும் பரீட்சையையும், இடையில் நிகழும் கற்பித்தலையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். பெயர் புதிதாயினும் பிரச்சினை பழையது. கண்டி நகரைச் சூழ்ந்த கல்விக்கூடங்களிலே அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

1921 ஆம் ஆண்டிலே கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, தன் பெயரில் பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. அதன் மாணாக்கர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்யப்பட்டனர். கற்பித்தவர் கொழும்பில் இருந்தார். வினாத்தாளைத் தயாரித்தவர் இலண்டனில் இருந்தார். இந்த மாணாக்கர் எதனைக் கண்டு வளர்ந்தவர், எம்மொழியிற் சிந்திப்பவர், பட்டம் பெற்றபின் எத்தகைய பணிக்குச் செல்பவர் என்பன வினா எழுதியவருக்குத் தெரியவேண்டிய அவசியமிருக்கவில்லை. அந்நிலையில் ஆசிரியர் எத்தகைய உயர்ந்த நோக்கத்தைக் கொண்டிருப்பினும், கடல் கடந்து வரும் தாளுக்கு அடங்கியே கற்பிக்க வேண்டியவரானார்.

1942 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸின் காலத்தில், ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கற்பிப்பவரும் வினா எழுதுபவரும் இனி ஒரே நிறுவனத்தவராயினர். 1952 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது அந்தச் சுதந்திரமும் மகாவலிக் கரைக்கு வந்து சேர்ந்தது. ஆனால், உரிமை கைக்கு வந்ததும் பழக்கம் மாறிவிடுவதில்லை. தமக்குக் கேட்கப்பட்ட வினாக்களையே தம் மாணாக்கரிடமும் கேட்பது ஆசிரியரின் இயல்பு. இலண்டன் தாளின் நிழல் நெடுங்காலம் நிலைத்திருந்ததென்றால் வியப்பில்லை. கட்டுரை வினா ஐந்து, மூன்று மணிநேரம் என்ற வடிவம் இன்றும் பல பாடங்களிற் கேள்வியின்றி ஏற்கப்படுகின்றது. அது ஏன் மூன்று மணி, ஏன் ஐந்து வினா என்று கேட்பாரும் குறைவு.

அமெரிக்காவிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டைலர் 1949 இல் வெளியிட்ட சிறுநூலொன்றில், பாடத்தை வகுப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகளை முன்வைத்தார். எதனை எய்த விரும்புகின்றோம், அதற்கு எத்தகைய அனுபவங்களை அளிப்பது, அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, எய்தினோமா என்பதை எவ்வாறு அறிவது என்பனவே அவை. அதே பல்கலைக்கழகத்திற் பரீட்சைப் பொறுப்பாளராக விளங்கிய பெஞ்சமின் புளூமும் அவருடைய தோழர்களும் 1956 இல் அறிவு, கிரகித்தல், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு என்னும் ஆறு படிகளை வகுத்தனர். ஆசிரிய கலாசாலை மாணவர் இந்த ஆறு படிகளையும் ஒப்புவிப்பர். ஆனால் இவை தத்துவஞானிகளின் அறையிற் பிறந்தவையல்ல என்பது பலர் கவனியாத செய்தி. 1948 இல் பொஸ்டன் நகரிற் கூடிய கல்லூரிப் பரீட்சகர் சிலர், தாம் ஆக்கும் வினாக்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு பொதுமொழி வேண்டுமென்று விரும்பினர். அதிலிருந்து வந்ததே இந்த வகுப்பு. வினாத்தாள் எழுதுவோரின் அன்றாடச் சங்கடமே அதன் தாய் எனலாம்.

பேராதனையில் இச்சிந்தனை ஆழமாக வேரூன்றிய இடம் கலைப்பீடமன்று, மருத்துவபீடமே. இதற்குக் காரணமும் உண்டு. வரலாற்று மாணவர் ஒருவர் தவறாகக் கற்றால் அந்தத் தவறு நூலகத்தில் உறங்கும். மருத்துவ மாணவர் தவறாகக் கற்றால் அது கட்டிலிற் கிடப்பவரைத் தாக்கும். இலங்கையின் இரண்டாவது மருத்துவபீடமாக 1960களின் தொடக்கத்திலே பேராதனையில் எழுந்த இப்பீடத்துக்கு, 1960களின் பிற்பகுதியிலே பீடாதிபதியாக விளங்கியவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியற் பேராசிரியரான அவர், அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகவும், மக்களுக்குத் தேவையான மருந்துகளைக் குறைந்த விலையிற் கிடைக்கச் செய்யும் கொள்கையின் தந்தையாகவும் உலகறிந்தவர். மருத்துவர்களை உருவாக்கும் முறையே ஆராய்ச்சிக்குரிய துறை என்று அவர் கருதியமை அத்துணை பேர் அறியாதது. 1970களிலே உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்கான ஆசிரியர் பயிற்சி நிலையமொன்று பேராதனையில் அமைந்தது. மருத்துவம் கற்பிப்போருக்குக் கற்பிக்கும் கலையையும் பரீட்சிக்கும் கலையையும் பயிற்றுவதே அதன் வேலை. நோயறிதலில் வல்லவராயினும், வினாத்தாள் எழுதுவதற்கும் தனியே கற்கவேண்டும் என்பதை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டமை, ஏனைய துறையினர் பெருமூச்சுவிட வேண்டிய செய்தி.

மருந்தியலையே எடுத்துக்கொள்வோம். ‘இம்மருந்தின் இயல்புகளையும் பக்கவிளைவுகளையும் விவரிக்க’ என்பது ஒரு வினா. ‘அறுபது வயதுடைய ஒருவர், நீரிழிவும் சிறுநீரகத் தளர்ச்சியும் உடையவர், இருமலோடு வந்துள்ளார், மருந்துச்சீட்டு எழுதுக, தெரிந்தெடுத்தமைக்குக் காரணங் கூறுக’ என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு நூலின் ஒரு பக்கம் மனத்தில் இருந்தாற் போதும். இரண்டாவதற்கு அப்பக்கமும் வேண்டும்; நோயாளியை முழுமையாகக் காணும் கண்ணும் வேண்டும்; எழுதாது விடுவதே நன்று என்று உணரும் துணிவும் சிலவேளை வேண்டும். பாடத்தின் நோக்கம் ‘பொருத்தமான மருந்தைத் தெரிந்தெடுக்க வல்லவராதல்’ என்றிருக்குமாயின், முதல் வினா அந்நோக்கத்தை அளப்பதில்லை. அதற்கு நூற்றுக்கு எண்பது புள்ளி பெற்றவரும் நல்ல மருந்துச்சீட்டு எழுதத் தெரியாதவராய் இருக்கலாம்.

இதனைவிடக் கடினமானது, நோயாளியோடு பேசும் ஆற்றலையும் உடலைத் தொட்டுப் பரிசோதிக்கும் ஆற்றலையும் அளப்பது. பழைய முறையில் மாணவர் ஒருவருக்கு ஒரு நோயாளி ஒதுக்கப்படுவார். பரீட்சகர் இருவர் பின்னர் வந்து வினவுவர். எளிய நோயாளி கிடைத்தவர் தப்பினார். சிக்கலான நோயாளி கிடைத்தவர் தவித்தார். பரீட்சகரின் மனநிலையும் புள்ளியிற் புகுந்தது. 1975 இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் ரொனல்ட் ஹாடன் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு மாற்றுவழியை வெளியிட்டனர். மண்டபத்தில் வரிசையாகப் பல நிலையங்கள் அமைக்கப்படும். ஒரு நிலையத்தில் நோயின் வரலாற்றைக் கேட்டறிதல், அடுத்ததில் இரத்த அமுக்கத்தை அளத்தல், மற்றொன்றிற் கதிர்ப்படத்தை வாசித்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப்பணி. மணி ஒலித்ததும் மாணவர் அடுத்த நிலையத்துக்கு நகர்வர். எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், முன்னரே எழுதிவைத்த ஒரே புள்ளித்திட்டம். இம்முறை உலகெங்கும் பரவி, இலங்கையின் மருத்துவபீடங்களிலும் இடம்பெற்றுள்ளது. பணியைத் துண்டு துண்டாக்குவதால் முழு மனிதன் மறைந்துவிடுகிறான் என்று இதனைக் குறைகூறுவோரும் உளர். அக்குறையிலும் உண்மை உண்டு. எனினும் ‘செய்ய வல்லவர்’ என்று எழுதிய நோக்கத்தைச் செய்வித்தே பார்க்கும் முறை இது.

மொழியைப் பற்றிய ஒரு செய்தியும் இங்கே எழுகின்றது. கண்டி மருத்துவமனைக்கும் பேராதனை மருத்துவமனைக்கும் ஹந்தானை, கலகா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய மலைத்தோட்டங்களிலிருந்து தமிழ் பேசும் தொழிலாளர் வருகின்றனர். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி ‘நெஞ்சைக் கரிக்குது’ என்று கூறினால், அது இதயத்தின் வலியா, இரைப்பையின் எரிவா என்று பிரித்தறிய வேண்டியது அவள் முன் நிற்கும் இளம் மருத்துவரின் கடமை. அவர் கற்றதும் எழுதித் தேறியதும் ஆங்கிலத்தில். ‘நோயாளியோடு தெளிவாக உரையாடுதல்’ என்னும் கற்றற்பேறு எந்த மருத்துவபீடத்தின் தாளிலும் முதன்மையாக இருக்கும். அது எந்த மொழியில் என்று கேட்டு, சிங்களத்திலும் தமிழிலும் பேசுவோரை ஒரு நிலையத்தில் அமர்த்திப் பரீட்சித்தால், மாணவர் அந்த மொழிகளைத் தாமே தேடிக் கற்பர். பரீட்சியாது விட்டால், சுவரில் எத்தனை அறிவித்தல்கள் தொங்கினும் கற்கமாட்டார்கள்; அந்தப் பெண்ணின் பேச்சை யாராவது தாதி மொழிபெயர்க்கவேண்டி வரும்.

இந்த ஒத்திசைவுக்கு இலக்கணம் வகுத்தவர் அவுஸ்திரேலியரான ஜோன் பிக்ஸ். ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில், பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கு உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவர்கள் தத்தம் வகுப்பறையில் உளவியலைப் பயன்படுத்தவேண்டும் என்பது நோக்கம். பரீட்சையோ உளவியலைப் பற்றி எழுதச் சொல்கின்றது. எனவே அவர் வினாத்தாளை விடுத்து, ‘கற்றது உங்கள் கற்பித்தலை மாற்றியதற்கு நீங்களே சான்று கொண்டு வாருங்கள்’ என்றார். மாணவர் முதலில் திகைத்தனர். என்ன கொண்டுவருவது என்று முறையிட்டனர். பின்னர் தம் வகுப்பில் நிகழ்ந்தவற்றைக் குறித்துவைத்து, ஆராய்ந்து, கோவையாகக் கொண்டுவந்தனர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கட்டுரை 1996 இல் வெளிவந்தது. ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலைகள் பலவற்றைக் கொண்ட கண்டி மாவட்டத்துக்கு இந்த உதாரணம் மிக அண்மையானது. செயல்வழிக் கற்பித்தலின் சிறப்பைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதிச் சித்தியடைந்து, அடுத்த மாதமே ஒரு கிராமப் பாடசாலையிற் கரும்பலகையை நிரப்பிவிட்டு ‘எழுதிக்கொள்ளுங்கள்’ என்று கூறும் இளம் ஆசிரியரை அதிபர்கள் நன்கு அறிவர்.

இன்று இலங்கையில் இது சட்டதிட்டமாகவே வந்துவிட்டது. 2012 இல் வெளியாகி 2015 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம், கல்வித் தகைமைகளைப் 12 படிகளாக வகுத்து, ஒவ்வொரு படியிலும் மாணவர் எய்தவேண்டிய பேறுகளைக் குறிப்பிடுகின்றது. மாணவரின் 50 மணிநேர உழைப்பு ஒரு கிரெடிட் எனக் கணிக்கப்படுகின்றது. ஆசிரியர் எத்தனை மணிநேரம் பேசினார் என்பது மட்டும் கணக்கன்று. பொறியியலில், இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினராகியபின், பட்டதாரி என்ன செய்ய வல்லவர் என்பதற்குச் சான்று காட்டவேண்டிய கட்டாயமும் ஏற்பட்டது.

கட்டாயம் நல்ல விளைவையே தருமென்று கூறமுடியாது. பல இடங்களிலே கற்றற்பேறு என்பது ஒரு படிவத்தின் பெட்டியை நிரப்பும் வேலையாகிவிட்டது. ‘விளக்குவர், பகுப்பர், விமர்சிப்பர்’ என்ற வினைச்சொற்கள் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதப்படுகின்றன. வினாத்தாள் மட்டும் பத்தாண்டுக்கு முந்தியதாகவே இருக்கின்றது. வீட்டின் முகப்புக்கு வெள்ளையடித்து, ஒழுகும் கூரையை அப்படியே விட்டதற்கு இது ஒப்பாகும்.

கூரையைச் செப்பனிடுவது எவ்வாறு என்பதற்குக் கண்டியிலேயே ஓர் உதாரணம் காணலாம். 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டியின் மகுல் மடுவத்திற் செய்யப்பட்ட உடன்படிக்கையை இலங்கை வரலாறு கற்கும் எல்லா மாணவரும் படிப்பர். ‘உடன்படிக்கையின் முக்கிய பிரிவுகளை விவரிக்க’ என்ற வினா எத்தனை தலைமுறைகளைக் கண்டிருக்கும்! பாடத்தின் நோக்கமோ ‘மூலாதாரங்களை நுணுகி ஆராய்ந்து மதிப்பிடல்’. இந்நோக்கத்துக்கு உரிய வினாவை அமைக்க விரும்பும் ஆசிரியர், உடன்படிக்கையின் ஒரு பகுதியையும், ஊவாக் கிளர்ச்சியின்பின் 1818 நவம்பர் 21 இல் வெளியான பிரகடனத்தின் ஒரு பகுதியையும் மாணவரின் முன் வைக்கலாம். முதலாவதிற் பிரதானிகளுக்கு அளிக்கப்பட்ட உறுதி இரண்டாவதில் எவ்வாறு சுருங்கிற்று என்று ஒப்பிடச் சொல்லலாம். இன்னொரு வழியும் உண்டு. அவ்வுடன்படிக்கையிற் சில பிரதானிகள் தமிழெழுத்திற் கையொப்பமிட்டனர் என்று பலர் எழுதியுள்ளனர். அதனை மறுப்போரும் உளர். கையொப்பப் பக்கத்தின் படத்தைக் கொடுத்து, ‘இதிலிருந்து உறுதியாகக் கூறக்கூடியது எது, கூறமுடியாதது எது?’ என்று வினவினால், மாணவர் தம் இனப்பற்றைச் சற்று ஒதுக்கிவைத்துச் சான்றை நோக்கவேண்டியவராவர். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அருகருகே அமர்ந்து எழுதும் பேராதனை மண்டபத்திலே அத்தகைய வினாவின் பயன் புள்ளியோடு நிற்பதன்று. இதற்கு மனனஞ்செய்த விடை உதவாது. கடந்த ஆண்டுத் தாளும் உதவாது. விரிவுரையிலேயே சான்றுகளை எடைபோட்டுப் பழகியவரே எழுத முடியும். ஆதலின், இவ்வினாவை எழுதிய ஆசிரியர் தம் விரிவுரையையும் மாற்றவேண்டியவராகின்றார்.

இனி, இக்கொள்கைக்கு மறுபக்கம் இல்லையென்று கருதுதல் தவறு. 1960களின் முற்பகுதியில், பேராதனைத் தமிழ்த்துறை விரிவுரையாளரும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவருமான சு. வித்தியானந்தன், ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மாணாக்கரைக் கொண்டு மேடையேற்றினார். மட்டக்களப்புக் கிராமங்களின் களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, பல்கலைக்கழக மேடைக்கேற்பச் செறிவுற்றது. அதே வளவில், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை 1956 இல் உருவாக்கியிருந்தார். தாளக்கட்டுக்கு அடியெடுத்து வைத்த அந்த மாணவருக்கு அதற்கென எழுத்துப்பரீட்சை இருக்கவில்லை. ஆயினும் அவர்கள் கற்றது அவர்களோடு நின்றுவிடாமல் ஈழத்துத் தமிழ் நாடகத்தின் போக்கையே மாற்றிற்று. முன்கூட்டி எழுதிய பேறுகளின் பட்டியல் ஒன்றை வைத்து அந்த ஒத்திகைகளை நடத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்? எல்லாவற்றையும் அளக்க முற்படுபவர், அளக்கக்கூடியதை மட்டுமே கற்பிக்கும் நிலைக்குத் தள்ளப்படலாம். பரீட்சைக்கு வெளியே கிடக்கும் இடத்தையும் பல்கலைக்கழகம் காக்கவேண்டும். அந்த இடத்தைக் காரணங்காட்டி, பரீட்சைக்கு உள்ளே இருப்பதைச் சீர்குலைய விடுவதும் பொருந்தாது.

மற்றொரு தடை ஆசிரியரின் சுமை. முந்நூறு விடைத்தாள்களை மூன்று வாரத்தில் திருத்தவேண்டிய ஒருவர், சிந்தனையைச் சோதிக்கும் வினாவை அஞ்சுவார். ஐந்து காரணங்களை எண்ணிப் புள்ளியிடுவது விரைவானது, சர்ச்சைக்கும் இடந்தராது. மேன்முறையீடு வருமாயின், ‘மூன்று காரணங்களே எழுதினார், மூன்று புள்ளி’ என்று பதிலளிக்கலாம். ஆராய்ந்து எழுதிய விடைக்கு வேறுபட்ட புள்ளிகள் வழங்க, ஒவ்வொரு தரமும் எத்தகையது என்று முன்னரே எழுதிவைக்கவேண்டும். இரண்டாம் பரீட்சகரோடு அதைப் பற்றி உடன்படவும் வேண்டும். இதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை அளிக்காத நிருவாகம், சட்டகத்தை மாத்திரம் அனுப்பிவைத்துப் பயனில்லை.

ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் மாற்ற எவராலும் இயலாது. வினாத்தாளை ஆராயும் கூட்டத்திலே ஓர் எளிய அட்டவணையை விரித்துவைத்துத் தொடங்கலாம். இடப்பக்கத்தில் பாடத்தின் கற்றற்பேறுகள். மேலே வினா இலக்கங்கள். கட்டங்களில் அவ்வவற்றுக்குரிய புள்ளிகள். அட்டவணை நிரம்பியதும் இரண்டு செய்திகள் கண்ணிற் படும். ஏதேனும் ஒரு பேற்றுக்கு அறுபது புள்ளி சென்றிருக்கும். அது பெரும்பாலும் நினைவுகூர்தலாகவே இருக்கும். வேறொரு பேற்றின் வரிசை முற்றாக வெறுமையாயிருக்கும். அந்த வெறுமையான வரிசைக்கு நேரே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதற்கென ஒரு வினாவையோ செய்முறையையோ ஒப்படையையோ அமைத்தல். மற்றது, அந்தப் பேற்றைப் பாடத்திட்டத்தாளிலிருந்து வெட்டிவிடல். இரண்டாவதும் நேர்மையான வழியே. வெட்ட மனமில்லையெனில், அடுத்த ஆண்டுத் தாளில் 25 புள்ளிக்குரிய ஒரு வினாவை மாற்றினாற் போதும். அவ்வாறு மாற்றுவதை மாணாக்கருக்கு முதல் வாரத்திலேயே அறிவித்து, மாதிரி வினாவொன்றையும் நல்ல விடையின் இலக்கணத்தையும் பாடத்திட்டத்தாளின் மறுபக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அப்போது கலகா வீதியின் மரநிழலிலே, பரீட்சைக் காலத்தில், அந்தத் தாளும் ஒருவேளை வெளியே எடுக்கப்படும்.